கட்சிச் சண்டை போதும், திட்டங்களைப் பேசுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2022 ஜூலையில் அதிமுக பொதுக்குழு ஓ.பன்னீர்செல்வத்தை நீக்கியதிலிருந்து யார் பக்கம் எத்தனை பேர், இரட்டை இலை யாருக்கு என்றே விவாதங்கள் நடந்தன, பாமகவில் அப்பா மகன் மோதல் வந்தபோதும் அதேதான். அந்த நேரத்தில் கொஞ்சமாவது ஆட்சியில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பேசியிருக்கலாமே!

அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் வந்தது. ஆளுநர் ஒப்புதல் தாமதமானதும் அரசாணையே போட்டார்கள். அடுத்து வந்த திமுக அரசு அதைக் கைவிடாமல் 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் கொண்டுபோனது. இரண்டு கட்சியும் மார்தட்டிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. தமிழ் வழியில் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தோடு அந்தப் பிள்ளைகள் எப்படிச் சமாளிக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் என்ன செய்யலாம் என்று கேட்க ஆளில்லை.

அப்புறம், தாலிக்குத் தங்கம் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக்கியது சரியா? என்னைக் கேட்டால் சரிதான். ஏழை வீட்டில் கல்யாணச் செலவுக்கு என்ன வழி என்று எதிர்த்தரப்பு கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான், அதை நேருக்கு நேர் விவாதிக்கட்டும்.

உங்கள் நாளிதழாவது வாரம் ஒரு திட்டத்தை எடுத்து, பயன்பெற்றவர்களையும் விடுபட்டவர்களையும் பேச வைத்து எழுதுங்கள்.