மாற்றுத்திறனாளிகளுடன் நட்பாகப் பழகத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர் ஒருவரின் அக்கா,
தென்காசி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தென்காசி.

பொருள்: நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கும் பிற தன்னார்வலர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுடன் நட்பாகப் பழகப் பயிற்சி அளிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

என் தம்பிக்கு 31 வயது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவன். தனித்துவ அடையாள அட்டை வாங்கிவிட்டோம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் வருகிறது. அதற்காக அரசுக்கு நன்றி சொல்கிறோம். இப்போது நான் கேட்க வந்தது பணம் அல்ல. நண்பன் என்று சொல்லிக்கொள்ள என் தம்பிக்கு ஒருவர்கூட இல்லை.

சிறப்புப் பள்ளிக்குப் போன காலத்தில் உடன் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். 18 வயதோடு அதுவும் முடிந்தது. இப்போது அவனுக்கு அம்மா, நான், தொலைக்காட்சி, அவ்வளவுதான். சாரல் காலத்தில் தெரு இளைஞர்கள் தோளில் துண்டோடு குற்றாலத்துக்குக் கிளம்புவதை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அருவி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் அவருக்குத் துணையாக வரும் ஒருவரும் 2021 முதல் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். ஆனால் எங்கள் வீட்டில் அந்தத் துணை 68 வயது அம்மாதான். பேரருவியில் ஆண்கள் குளிக்கும் பக்கத்துக்கு அவர் எப்படிப் போவார்?

தெருப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டத்தில் அவன் மிரண்டுவிட்டால் என்ன செய்வது, வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல்தான் கூப்பிடுவதில்லை என்று அவர்களில் ஒருவன் என்னிடம் மனம்விட்டுச் சொன்னான். என் தம்பிக்கு இதுவரை வலிப்பு வந்ததே இல்லை. அந்தப் பையனுக்கு அதைச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் எங்கள் பகுதிக்கு வந்தார்கள். ரொட்டியும் பழமும் கொடுத்தார்கள், பாடினார்கள், புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். 27 வயது ஆணின் கன்னத்தைக் கிள்ளிக் குழந்தையைப் போலக் கொஞ்சினார்கள். கிளம்பும்போது, மறுபடியும் வருவோம் என்றார்கள். என் தம்பி அதை நம்பினான். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் காலையிலேயே குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். அந்த மாணவர்கள் நல்ல மனத்தோடு வந்தவர்கள். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கக் கூடாது என்று அவர்களை அனுப்பியவர்கள் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, சமுதாயத்தோடு சேர்ந்து வாழும் உரிமையை 5ஆவது பிரிவில் உறுதி செய்கிறது. பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக அளவில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய புரிதலை வளர்க்க வேண்டும் என்று 39ஆவது பிரிவு கூறுகிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். மாதம் இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம் ஒருவருடன் பழகினால் ஆண்டுக்கு 48 மணி நேரம் ஆகிறது. புதிய திட்டமோ பெரிய நிதியோ இதற்குத் தேவைப்படாது.

ஆகவே, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் கல்லூரிகளின் நலப்பணித் திட்ட அலுவலர்களும் சேர்ந்து வரும் கல்வியாண்டில் இப்பயிற்சியைத் தொடங்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். முதலில் ஓர் ஒன்றியத்தில் இருபது பேருடன் தொடங்கினாலும் போதும். சிறப்பாசிரியர்களுடன் மாற்றுத்திறனாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் பயிற்றுநர்களாக இருக்க வேண்டும் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல் நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுக்க வேண்டும் என்பதை ஒரு பார்வையற்றவர் காட்டிக்கொடுத்தால் மறக்காது. கேட்காமல் சக்கர நாற்காலியைத் தள்ளக் கூடாது என்பதை அதில் அமர்ந்திருப்பவரே சொல்லட்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108க்கு அழைக்க வேண்டும் என்பதைச் செவிலியர் ஒருவர் சொல்லித்தரலாம். காது கேளாதவரோடு பழகப் போகிறவருக்குச் சைகை மொழியில் நலம் விசாரிக்கவாவது தெரிய வேண்டும். என் தம்பியைப் பற்றி என்னிடம் கேட்காமல் அவனிடமே கேட்க வேண்டும், அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதை நானே சொல்வேன். அவனுக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

பெற்றோரின் பயத்தையும் சொல்லியாக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரை நம்பி, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, எப்படி அனுப்புவது? எனவே தன்னார்வலர்களின் பின்புலத்தைச் சரிபார்த்த பிறகே சேர்க்க வேண்டும். முதல் சில சந்திப்புகள் வீட்டிலோ பொது இடத்திலோ குடும்பத்தார் முன்னிலையில் நடக்கலாம். சம்மதமின்றிப் புகைப்படம் எடுக்கக் கூடாது. ஓராண்டாவது தொடர்ந்து வர முடிந்தவர்கள் மட்டும் சேரட்டும். படிப்பு முடிந்து வெளியூர் போக நேர்ந்தால் நேரில் வந்து சொல்லி விடைபெற வேண்டும். இந்த விதியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம்.

முதல் வகுப்புக்கு என் தம்பியை அழைத்துவரச் சித்தமாக இருக்கிறேன். கேரம் பலகையையும் கொண்டுவருவான். தங்கள் ஆணைக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: தென்காசி
இணைப்பு: தம்பியின் அடையாள அட்டை நகல்