பழத்தை வற்றவிடாமல் பிரவுனி செய்யச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்காக உங்கள் வார இணைப்பிதழில் வந்த 'ஃப்ரூட் பிரவுனி' செய்முறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பழம் போட்டு பிரவுனி என்ற தலைப்பைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் உள்ளே படித்தால் வாழைப்பழம் இரண்டு, மைதா ஒரு கப், கோகோ அரை கப், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், மேலே பூச கடையில் விற்கும் விப்பிங் கிரீம், அதில் மாம்பழ எசென்ஸ் நாலு சொட்டு என்று இருக்கிறது. என்ன வாழைப்பழம், எவ்வளவு எடை, எவ்வளவு பழுத்தது என்று ஒரு வார்த்தையும் இல்லை. இதை அப்படியே செய்தால் வருவது பிரவுனி இல்லை. சாக்லேட் நிறத்தில் ஒரு வாழைப்பழ கேக் வரும், அதுவும் ஓரம் காய்ந்து நடு வேகாமல் களியாக நிற்கும்.

நான் திண்டுக்கல்லில் வீட்டிலேயே பேக்கிங் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறேன், கேட்பவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். கற்றுக்கொள்ள வரும் பெண்கள் பலர் இப்படிப்பட்ட செய்முறையை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகுது, ஓவன் சரியில்லையா?" என்று கேட்கிறார்கள். ஓவன் நன்றாகத்தான் இருக்கும். பழத்தில் இருக்கும் தண்ணீரைச் செய்முறை எழுதியவர் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

100 கிராம் வாழைப்பழத்தில் ஏறக்குறைய 75 கிராம் தண்ணீர், 12 கிராம் சர்க்கரை. மாம்பழத்தில் தண்ணீர் இன்னும் அதிகம், 80 சதவீதத்துக்கு மேல். பிரவுனி என்பது மாவு குறைவாக, வெண்ணெயும் சர்க்கரையும் சாக்லேட்டும் கூடுதலாக இருப்பதால் அடர்த்தியாக, கடித்தால் மெல்ல இழுபட்டு வரும் பண்டம். அதில் அரை டம்ளர் தண்ணீருக்குச் சமமான பழத்தைப் பிசைந்து கொட்டினால் அந்தத் தண்ணீரை மைதா குடித்துக்கொள்ளும், பேக்கிங் பவுடர் சேர்ந்து அதை உப்ப வைக்கும், உள்ளே ஸ்பாஞ்சு போல ஆகிவிடும். மேலே மெல்லிய காகிதம் போல பளபளவென்று ஒரு ஓடு விரிசல் விட்டு வருமே, முட்டையும் சர்க்கரையும் நன்றாகக் கரைந்து அடிபட்டால் வருவது, அதுவும் ஈரம் கூடினால் வராது.

இதற்கு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. அல்வா கிளறுகிறவர்களுக்குப் பதம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 250 கிராம் உரித்த வாழைப்பழத்தை மசித்து, அடி கனமான வாணலியில் ஒரு ஸ்பூன் வெண்ணெய் விட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் 15 நிமிடத்தில் நிறம் மாறி, ஓரம் ஒட்டாமல் சுருண்டு வரும். 250 கிராம் 160 கிராமுக்குப் பக்கத்தில் வரும்வரை விடாதீர்கள், வாணலியை முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த 90 கிராம் ஆவியாகப் போன தண்ணீர். பழத்தின் சர்க்கரையும் மணமும் உள்ளேயே தங்கிவிடும். அந்த மணமும் பச்சைப் பழ மணம் இல்லை, லேசாகக் கருகிய சர்க்கரை கலந்த மணம், சாக்லேட்டோடு அது சேர்வது போல வேறு எதுவும் சேராது.

அப்புறம் எந்த வாழைப்பழம் என்பது. இதைச் சொல்லாமல் நம் ஊரில் வாழைப்பழச் செய்முறை எழுதவே கூடாது என்பது என் கருத்து. மோரிஸ் ஒரு மாதிரி, பூவன் ஒரு மாதிரி, ரஸ்தாளி, கற்பூரவள்ளி, நேந்திரம் எல்லாம் ஈரத்திலும் புளிப்பிலும் மாவுத்தன்மையிலும் வேறு வேறு. எங்கள் மாவட்டத்து மலைவாழை, 2008-ல் விருப்பாச்சி, சிறுமலை இரண்டுக்குமே புவிசார் குறியீடு கிடைத்தது, அதில் இயல்பாகவே ஈரம் குறைவு. பழனி பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சிப் பழத்தைத் தேடிப் பிடிப்பது அதனால்தான். பழம், சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் சேர்ந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை, அது நாள்பட நிற்கிறது. ஈரமும் இனிப்பும் எந்த அளவில் இருந்தால் பழம் கெடாது என்பதைப் பஞ்சாமிர்தம் செய்கிறவர்கள் கையளவில் தெரிந்து வைத்திருக்கிறார்கள், நம் பேக்கிங் செய்முறைகளில்தான் அந்த அறிவைக் காணோம். மலைவாழை கிடைக்காத ஊர்க்காரர்கள் தோல் நன்றாகக் கறுத்த பூவனையோ ரஸ்தாளியையோ எடுத்துக்கொள்ளலாம், வற்ற வைக்கும் நேரம்தான் கூடும். தோல் கறுத்த பழம் என்று ஒதுக்க வேண்டாம், மாவுச்சத்து சர்க்கரையாக மாறி முடிந்த பழம் அது, கடைக்காரர்கள் பாதி விலைக்கும் கொடுப்பார்கள்.

சரி, அளவைச் சொல்லிவிடுகிறேன். 8 அங்குலச் சதுரத் தட்டுக்கு வெண்ணெய் 110 கிராம், டார்க் சாக்லேட் 120 கிராம் இரண்டையும் சேர்த்து உருக்கிக்கொள்ளுங்கள். கம்பவுண்ட் சாக்லேட் வேண்டாம், அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு இருக்கும், சாக்லேட்டின் ருசி வராது. முட்டை 2, சர்க்கரை 130 கிராம், இரண்டையும் வெளுத்து நுரைக்கும்வரை அடித்து, ஆறிய சாக்லேட்டைக் கலந்து, சுருட்டிய வாழைப்பழம் மொத்தத்தையும் போட்டு, கடைசியில் சலித்த மைதா 80 கிராம், கோகோ 30 கிராம், உப்பு அரை டீஸ்பூன். பேக்கிங் பவுடர் கிடையாது, சோடாவும் கிடையாது. மாவு மறையும்வரை மட்டும் கிளறி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 170 டிகிரியில் 25 முதல் 28 நிமிடம். குச்சி குத்திப் பார்த்தால் ஈரத் துகள் ஒட்டி வர வேண்டும், சுத்தமாக வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். முழுக்க ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும், இதில் மட்டும் அவசரம் வேண்டாம். முட்டை சாப்பிடாத வீடுகளுக்குப் பேரீச்சைதான் சிறந்த துணை, அதில் தண்ணீர் கம்மி, சர்க்கரை ஏராளம், பிடித்து வைக்கும் பசைத்தன்மையும் உண்டு. சூடான பாலில் ஊற வைத்து விழுதாக அரைத்துச் சேர்த்தால் போடும் சர்க்கரையைப் பாதிக்கு மேல் குறைத்துவிடலாம்.

எல்லாப் பழமும் பிரவுனிக்குள்ளே போகும் என்று உங்கள் செய்முறையின் கடைசி வரி சொல்கிறது. அதை நான் கடுமையாக மறுக்கிறேன். வாழை, பேரீச்சை, உலர்ந்த அத்தி, இவை உள்ளே போகலாம். மாம்பழத்தை உள்ளே போட்டால் கோகோவின் கசப்பில் அது இருந்த இடம் தெரியாமல் போய்விடும், இமாம் பசந்தை வாங்கி அப்படி வீணாக்குவது மனசுக்கு ஒப்பவில்லை. திராட்சை, கொய்யா, மாம்பழம் மூன்றும் மேலே போக வேண்டியவை. ஆரஞ்சில் சாறு வேண்டாம், தோலின் மேல்பக்கத்தை மட்டும் துருவிப் போட்டால் போதும், மணம் அங்கேதான் இருக்கிறது.

மேலே பூசுவது என்றால் ஐசிங். இங்கேதான் எனக்கு வருத்தம் அதிகம். கடையில் விப்பிங் கிரீம் என்று உறைய வைத்து விற்கும் பலவற்றில் பால் கொழுப்பே இருக்காது, அட்டையின் பின்பக்கம் திருப்பினால் தாவரக் கொழுப்பு என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். எண்ணெய், கொழுப்புகளிலும் அவற்றைச் சேர்த்துச் செய்யும் உணவுகளிலும் உடலுக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு, மொத்தக் கொழுப்பில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022 ஜனவரி முதல் வரம்பு வைத்திருக்கிறது, நல்ல காரியம். ஆனால் வரம்புக்குள் இருப்பதாலேயே அது ருசியான பொருள் ஆகிவிடாது, வாயில் கரையாமல் மேலண்ணத்தில் படலமாக ஒட்டும். வீட்டில் பாடுபட்டு நல்ல வெண்ணெய், நல்ல சாக்லேட் போட்டுச் செய்ததன் மேல் அதைப் பூசி எசென்ஸ் ஊற்றச் சொல்வது எந்த விதத்திலும் நியாயம் இல்லை.

இதற்குப் பதில் மாம்பழ ஐசிங் செய்வது அரை மணி நேர வேலை. 300 கிராம் மாம்பழக் கூழை வடிகட்டி, சர்க்கரை 50 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன் சேர்த்து, ஜாம் பதத்துக்குக் கொஞ்சம் முன்பு வரை கிளறி இறக்குங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது வெண்ணெய் 50 கிராம் துண்டு துண்டாகப் போட்டு அடித்தால் பட்டுப்போல வழவழப்பாக வரும், ஃப்ரிட்ஜில் வைத்தால் பூசும் பதத்துக்கு இறுகிவிடும். கொய்யா என்றால் வெண்ணெய்கூட வேண்டாம், பாகை உறைய வைக்கும் பெக்டின் அதில் அதிகம். கொஞ்சம் செங்காயாக இருக்கும் கொய்யாவையும் சேர்த்து வேக வைத்து, வடிகட்டி, சர்க்கரையும் எலுமிச்சையும் போட்டுக் காய்ச்சினால் தானாகவே உறைந்து கண்ணாடிபோல நிற்கும்.

கம்பம் பன்னீர் திராட்சை கிடைத்தால் அதைத்தான் முதலில் செய்து பாருங்கள் என்பேன். தோலோடு வேக விட்டு, விதையை வடிகட்டி, சாற்றை நன்றாகச் சுண்டக் காய்ச்சிக்கொள்ளுங்கள். 150 கிராம் சர்க்கரையை ஒரு ஸ்பூன் சோள மாவோடு மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்தால் அதுதான் ஐசிங் சுகர், தனியாக வாங்க வேண்டாம். அதில் இரண்டு மேசைக்கரண்டி திராட்சைச் சாறு விட்டுக் குழைத்தால் எந்தக் கலர் பொடியும் இல்லாமல் அப்படியொரு ஊதா நிறம் வரும். நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் நிறம் சிவப்புப் பக்கம் திரும்பும், குழந்தைகளை அருகில் நிற்க வைத்து இதைச் செய்யுங்கள், அவ்வளவு ஆசையாகப் பார்ப்பார்கள். அன்னாசி போடுகிறவர்கள் மட்டும் பழத்தைக் கட்டாயம் வேக வைக்க வேண்டும். பச்சையாக இருக்கும் அன்னாசியில் உள்ள என்சைம் பால் புரதத்தை உடைத்து கிரீமைக் கசக்க வைத்துவிடும், சூட்டில் அது செயலிழந்துவிடும்.

வெண்ணெய்க் கிரீம் பூசச் சொல்கிறவர்கள் நம் வெயிலையும் சேர்த்து எழுத வேண்டும். வெண்ணெய் 30 டிகிரியை நெருங்கும்போதே நிற்கத் தடுமாறும், சித்திரை வைகாசியில் பகல் 11 மணிக்கு வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு இருக்கிறது. பிறந்தநாளுக்கு மதியம் எடுத்து வைத்த பிரவுனி மாலையில் வழிந்து நிற்பதற்கு இதுதான் காரணம். வற்ற வைத்த பழப் பாகு, இல்லையென்றால் சாக்லேட்டைக் கூட்டிப் போட்ட கனாஷ், அதாவது 100 கிராம் கிரீமுக்கு 150 கிராம் சாக்லேட், இவை இரண்டும் நம் ஊர்க் கோடைக்கு ஓரளவு தாக்குப் பிடிக்கும்.

பழத்தை மேலே பூசுவது ஏதோ இப்போது வந்த புதுமை என்று சிலர் நினைக்கலாம். பிரவுனியின் தொடக்கமாகப் பலரும் சொல்லும் கதையே 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது நடந்ததுதான். பால்மர் ஹவுஸ் ஹோட்டல் உரிமையாளரின் மனைவி பெர்த்தா பால்மர், கண்காட்சிக்கு வரும் பெண்கள் மதிய உணவுப் பெட்டியில் எடுத்துப்போகிற மாதிரி, கேக்கைவிடச் சின்னதாக ஒரு இனிப்பு வேண்டும் என்று கேட்டாராம். அந்த ஹோட்டல் பிரவுனியில் வால்நட்டும், மேலே ஆப்ரிகாட் பழப் பாகும் உண்டு. அவர்களுக்கு ஆப்ரிகாட், நமக்குக் கொய்யாவும் மாம்பழமும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பேக்கிங் செய்முறை போடும்போது கப் கணக்கோடு கிராமிலும் அளவு போடுங்கள், ஒரு கப் மைதா ஒரு வீட்டில் 120 கிராம், அழுத்தி அள்ளுகிற வீட்டில் 150 கிராம். பழம் என்றால் எந்த ரகம், உரித்த எடை எவ்வளவு, வற்ற வைக்க வேண்டுமா என்பதைச் சேர்த்துப் போடுங்கள். வெண்ணெயும் சாக்லேட்டும் விற்கிற விலைக்கு, உங்கள் பக்கத்தை நம்பி செய்து பார்க்கிற ஒரு வீட்டில் அது வீணானால் அந்தப் பெண் மறுபடி ஓவனைத் தொடவே யோசிப்பாள். செய்முறை அனுப்புகிறவர்களிடம் ஒருமுறை எடை போட்டுச் செய்து பார்த்து அனுப்பச் சொல்லுங்கள், நிச்சயம் செய்வார்கள்.

அந்த விடுமுறைச் செய்முறையையும் மாம்பழப் பருவம் முடிவதற்குள் திருத்தி மறுபடி வெளியிட முடியுமா? இடம் போதாது என்றால் பேக்கிங் பவுடரை நீக்கிவிட்டு, வாழைப்பழத்தை வற்ற வைக்கும் இரண்டு வரியை மட்டும் சேர்த்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சமையல் பக்கத்தின் பல வருட வாசகி,
திண்டுக்கல்