காரில் இருப்பதை மறைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கார் இன்சூரன்ஸ் படிவத்தில், 'இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்' என்று ஒரு கேள்வியைத் தாண்டிப்போவது பலருக்குப் பழக்கம். என் சித்தப்பாவும் அப்படித்தான். காரில் பிறகு கேஸ் கிட் பொருத்தியதை நிறுவனத்துக்குச் சொல்லவில்லை. பிரீமியம் கூடுமே என்ற கவலை. ஒருநாள் பின்னால் வந்த லாரி மோதியது. சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயர் டிக்கியைத் திறந்தார், சிலிண்டரைப் பார்த்தார், பாலிசித் தாளைப் புரட்டினார். அதில் 'பெட்ரோல்' என்று மட்டுமே இருந்தது. பழுதுபார்த்த செலவு முழுக்கச் சித்தப்பா தலையில்தான் விழுந்தது. அவர் அன்று வாசலில் பேசாமல் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

சொந்த உபயோகம் என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஓட்டுவது, முன்பு கிளைம் வாங்கியதை மறைத்து, கிளைம் வாங்காதவருக்குத் தரும் பிரீமியம் சலுகையான நோ கிளைம் போனஸ் கேட்பது, இவையும் அதே ரகம்தான். புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டால் முன்பு வாங்கிய கிளைம் தெரிந்துவிடும். ஏஜென்ட் நிரப்பினார் என்ற சமாதானமும் எடுபடாது, கையெழுத்து நம்முடையது.

1766-ஆம் ஆண்டிலேயே லண்டனில் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு, இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தில் இரு தரப்புமே தனக்குத் தெரிந்ததை மறைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இரு தரப்பும் என்பதை நிறுவனங்களும் கவனிக்க வேண்டும். எதைத் தெரிவிக்க வேண்டும் என்பதைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல் நேராகக் கேளுங்கள்.

வண்டியில் எதையாவது மாற்றினால், பாலிசி முடியும்வரை காத்திருக்காமல் உடனே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். பதில் வந்ததும் அதைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்