குதிரை தள்ளவே இல்லை, குழியை ஏன் பறிக்கிறீர்கள்?

எங்கள் ஊர் இளம் விளையாட்டு வீரர்களைக் கௌரவிக்கும் விழாக் குழுவினருக்கு,

வணக்கம். குழுவின் பெயரை எழுதவில்லை. எழுதாவிட்டாலும் திருகோணமலைக்காரர் பாதிப் பேருக்கு விளங்கும், மீதிப் பேருக்கு விளங்கவேண்டிய தேவையும் இல்லை. நேரில் வந்து கதைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வந்தேன். இரண்டு தரம் வந்தேன், இரண்டாம் தரம் பிளேன்டீயும் தந்தீர்கள், அதற்கு நன்றி, பதில்தான் தரவில்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

விஷயம் என் மருமகளைப் பற்றியது. அக்காவின் மகள், வயது 19, இங்கிலாந்தில் இருக்கிறாள், ஈவென்டிங் என்ற குதிரையேற்றப் போட்டியில் ஓடுகிறாள். போன வருடம் ஒரு போட்டியில் அவள் மூன்றாவதாக வந்தபோது நீங்களே வீடு தேடி வந்து படம் வாங்கிப்போய், ‘திருமலையின் வீரமங்கை’ என்று பத்தடி பேனர் அடித்து உட்துறைமுக வீதியில் கட்டினீர்கள். இந்த வருட விழாப் பட்டியலிலும் அவள் பெயர் இருந்தது. பிறகு ஒரு வியாழக்கிழமை பார்த்தால் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு உங்களில் ஒருவர் சொன்னது: “பாதியில விட்டிட்டு வந்த பிள்ளைக்கு எப்பிடிப் பொன்னாடை போடுறது?” உங்கள் வாட்ஸ்அப் குழுவில், முடிவுத் தாளில் அவள் பெயருக்கு நேரே இருந்த ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு, “ரிட்டயர்டாமே, பென்சன் எப்ப வரும்?” என்று ஒருவர் பகிடி விட்டதும் என் கைக்கு வந்து சேர்ந்தது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று சொல்வார்கள். இங்கே குதிரை தள்ளவே இல்லை. குழி மட்டும்தான் பறித்துக் கிடக்கிறது, அதைப் பறித்ததும் குதிரை இல்லை.

இந்தப் போட்டி என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. அது குற்றமில்லை, மூன்று வருடத்துக்கு முன் எனக்கும் தெரியாது. எங்கள் ஊரில் குதிரை என்றால் வேட்டைத் திருவிழாவில் சுவாமி ஏறி வரும் மரக்குதிரைதான், உயிருள்ளதைப் பார்க்க நெடுந்தீவுக்கோ நுவரெலியாவுக்கோ போகவேண்டும். சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே ஆள், ஒரே குதிரை, மூன்று சோதனை. முதலாவது ட்ரெஸ்ஸாஜ்: ஓரமெல்லாம் எழுத்துப் பலகை வைத்த நீள்சதுரக் களத்தில் வட்டம், நேர்கோடு, துள்ளுநடை, நிறுத்தம் என்று குதிரையை நடத்திக் காட்டவேண்டும், எல்லாம் மனப்பாடமாக. ஒவ்வொரு அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி. அதைச் சதவீதமாக்கி நூறிலிருந்து கழித்தால் வருவது குற்றப்புள்ளி. 68 எடுத்தால் 32 குற்றப்புள்ளியோடு தொடங்குகிறாள், அதற்குப் பிறகு அது கூடுமே தவிரக் குறையாது. ஷோ ஜம்பிங் என்பது கம்பு அடுக்கிய தடைகளைப் பாய்வது, ஒரு கம்பு விழுந்தால் 4. அப்புறம் கிராஸ் கன்ட்ரி, மேடு பள்ளம் தண்ணீர்க் குட்டை எல்லாம் கடந்து, தட்டினாலும் விழாத மரக்குற்றிகளுக்கு மேலால் பாய்ந்து ஓடுவது. குதிரை ஒரு தடையில் மறுத்து நின்றால் 20, அதே தடையில் திரும்பவும் மறுத்தால் 40, மூன்றாம் தரமும் மறுத்தால் வீட்டுக்குப் போகலாம். நேரம் பிந்தினால் விநாடிக்கு 0.4. ஆள் விழுந்தால் அத்தோடு சரி, எழும்பித் திரும்ப ஏற விடமாட்டார்கள். இந்தக் கணக்கு என் மண்டைக்குள் ஏற ஒரு வருடம் பிடித்தது, குறைந்த புள்ளி எடுத்தவர்தான் வெற்றி என்பதை அம்மா இன்னும் நம்பவில்லை.

இது ஏன் இப்படி மூன்றாக வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் இது சேர்ந்தபோது ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமான போட்டி. குதிரைப்படைக் குதிரை அணிவகுப்பில் அடங்கி நிற்குமா, கரடுமுரடான தரையில் நெடுந்தூரம் ஓடுமா, அவ்வளவும் ஓடிவிட்டு இன்னும் வேலைக்கு ஆகுமா, இந்த மூன்று கேள்விதான் மூன்று சோதனையானது. இன்றைக்கும் பல நாள் நடக்கும் பெரிய போட்டிகளில் ஷோ ஜம்பிங்தான் கடைசி, கிராஸ் கன்ட்ரி முடிந்து அதற்குப் போகுமுன் குதிரையை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். நொண்டினால் எத்தனை நல்ல புள்ளியில் நின்றாலும் போட்டி முடிந்தது. அதாவது குதிரையை முழுதாகத் திருப்பிக் கொண்டுவருவது இந்த விளையாட்டில் ஒரு உபசாரமில்லை ஐயா, விளையாட்டே அதுதான். (பெண்பிள்ளைக்கு எதற்குக் குதிரை என்று கேட்ட பெரியவருக்கும் ஒரு வார்த்தை: 1964இல் டோக்கியோவில் லானா டு பொன்ட் என்ற அமெரிக்கப் பெண்தான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இதை ஓடினார். 2021இல் அதே டோக்கியோவில் ஜெர்மனியின் யூலியா கிரயெவ்ஸ்கி தனிநபர் தங்கத்தையே எடுத்தார். இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே களம், ஒரே தடை.)

இனி மருமகள். அவளுக்கு ஆறு வயதில் விடுமுறைக்கு வந்து நின்றபோது தினமும் பின்னேரம் பிரெட்ரிக் கோட்டைக்குக் கூட்டிப்போவேன், கோணேசர் கோயிலுக்கு என்று வெளிக்கிட்டு மான்களோடு நின்றுவிடுவாள். ஒருநாள் ஒரு கிளைமான் கிட்ட வந்ததும் கையை நீட்டப்போனவள் தானாகவே நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். “காதைப் பின்னால வைச்சிருக்கு மாமா, அதுக்கு விருப்பமில்லை” என்றாள். நான் இந்த ஊரில் ஐம்பது வருடமாக மான் பார்க்கிறேன், காதை ஒருநாளும் பார்த்ததில்லை.

பணக்கார விளையாட்டு என்று சொல்கிறீர்கள். உண்மைதான், செலவு பிடித்த விளையாட்டு, மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் அவளுக்குச் சொந்தக் குதிரை இல்லை. வயது போய் ஏற முடியாமல் போன ஒரு அம்மாவின் குதிரை அது, மிளகு நிறம், பெயரும் ‘பெப்பர்’, வீட்டில் நாங்கள் மிளகு என்றே சொல்வோம். விடிய ஐந்து மணிக்கு லாயத்தில் சாணி அள்ளி, வைக்கோல் போட்டு, தண்ணீர் வாளி கழுவுகிறாள், அதற்குக் கூலி மிளகில் ஏறி ஓடுவது. சேணம் இரவல். சப்பாத்து யாரோ கழித்தது. ஹெல்மெட் மட்டும் புதிது, ஏனென்றால் ஒருதரம் விழுந்து அடிபட்டால் அதைத் திரும்பப் போடக்கூடாது. போன ஒக்டோபரில் தண்ணீர்க் குட்டைக்குள் இறங்கும்போது மிளகு முழங்கால் மடிந்து, இவள் அதன் காதுகளுக்கு மேலால் போய் விழுந்து காறை எலும்பு உடைந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் தாதி. மகளின் எலும்பு தானாகப் பொருந்தியது, புது ஹெல்மெட்டுக்குத்தான் அக்கா மேலதிக இரவு வேலை செய்தாள். அந்த ஒக்டோபரில் உங்களில் ஒருவரும் தொலைபேசி எடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஏற்ற இறக்கம் என்றால் இவளுடையது ஏற்றம் கொஞ்சம், இறக்கம் கூட. முதல் போட்டியில் ட்ரெஸ்ஸாஜில் இடப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பிவிட்டாள். அங்கே சின்னப் போட்டிகளில் நடுவர் தன் காருக்குள் இருந்தே பார்ப்பாராம், பிழைவிட்டால் ஹோர்ன் அடிப்பார். ஹோர்ன் சத்தத்துக்கு இவள் திடுக்கிட, இவளுக்காக மிளகு திடுக்கிட, இரண்டு பேரும் களத்துக்கு வெளியே. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அடுத்ததில் முதல் தடையிலேயே மூன்று மறுப்பு. வசந்தத்தில் இரண்டு போட்டி மழை வெள்ளத்தில் ரத்து. நீங்கள் பேனர் அடித்த அந்த மூன்றாமிடம் இருக்கிறதே, அதைப்பற்றி அவளே சொன்னாள், அன்றைக்கு அவள் ஓடியது சுமார்தானாம், பின்னேரம் மழை வந்து தரை சேறாகி, முன்னால் நின்றவர்கள் வரிசையாக வழுக்கிப் போனதால் இவள் மேலே வந்தாளாம். “பேனரைக் கழற்றச் சொல்லுங்கோ மாமா, வெக்கமா இருக்கு” என்றாள். நான்தான் சொல்லவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

இப்போது அந்த ‘ஆர்’. இந்த மே மாதம். அங்கே பின்னேரம் மூன்று பத்து, இங்கே இரவு ஏழு நாற்பது. உவர்மலையில் எங்கள் விறாந்தையில் அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்து ஒரு ரூபாய்க் குற்றியை மஞ்சள் துணியில் முடிந்து கையில் வைத்திருக்கிறா. அக்கா களத்தில் நின்று வாட்ஸ்அப்பில் சொல்லச் சொல்ல நான் கொப்பித் தாளில் குறிக்கிறேன். ட்ரெஸ்ஸாஜ் 29.8, அவளுடைய வாழ்நாள் சிறப்பு. ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்பும் விழவில்லை. ஒருநாள் போட்டி என்பதால் கிராஸ் கன்ட்ரி கடைசி, அதற்குப் போகும்போது இரண்டாமிடத்தில் நிற்கிறாள். மொத்தம் 18 தடை, ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் உயரம் வரை. தண்ணீர் தாண்டியாச்சு, போன வருடம் எலும்பை உடைத்த மாதிரியே ஒரு தண்ணீர். பதினான்கு தாண்டியாச்சு. பதினைந்து தாண்டியாச்சு. பிறகு அக்காவின் சத்தம் இல்லை. ஒலிபெருக்கியில் யாரோ என்னவோ சொல்வது மட்டும் தூரத்தில் கேட்கிறது. அம்மா குற்றியை நெற்றியில் வைத்துக்கொண்டா. ஒரு நிமிடத்துக்குப் பிறகு அக்கா சொன்னாள், “கையைத் தூக்கிட்டாள். இறங்கி நடந்து வாறாள்.”

கையைத் தூக்கினால் நிறுத்துகிறேன் என்று அர்த்தம், முடிவுத் தாளில் அதுதான் ‘ஆர்’, ரிட்டயர்ட். மிச்சம் மூன்றே மூன்று தடை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அன்றிரவு அவளோடு கதைத்தபோது நானும் கேட்டேன்: “மூண்டு தடைதானே அம்மா, ஒருமாதிரி முடிச்சிருக்கலாமே?” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள், “மாமா, தடதடதட எண்டு வரவேணும். பதினைஞ்சுக்குப் பிறகு தடதட… தட எண்டு வந்தது.” அவ்வளவுதான். மிளகின் ஒரு முன்காலில் லாடம் கழன்று, குளம்பின் அடியில் கல்லடி பட்டிருந்ததாம். மிருக வைத்தியர் பார்த்து மூன்று கிழமை ஓய்வு என்றார். மேலே இருந்தவளுக்கு அது தெரிந்தது ஒரு கால் சத்தம் மயிரிழை பிந்தியதில். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் காலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நிற்காமல் போனால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஒன்றுமே ஆகாமலும் இருந்திருக்கும். ஆனால் 2021இல் டோக்கியோவில் கிராஸ் கன்ட்ரி ஓடும்போது சுவிட்சர்லாந்துக் குதிரை ஒன்றுக்கு, ஜெட் செட் என்று பெயர், காலில் தசைநார் அறுந்தது. காப்பாற்ற வழியில்லாமல் ஊசி போட்டுக் கண்மூட வைத்தார்கள். ஓட்டியவர் மேல் ஒரு பிழையும் சொல்வதற்கில்லை, உலகத்தின் மிகச் சிறந்தவர்கள் ஓடும் இடத்திலேயே இது நடக்கிறது. இந்தப் பிள்ளைகள் எல்லாரும் அந்தச் செய்தியை மனதில் சுமந்துகொண்டுதான் சேணத்தில் ஏறுகிறார்கள்.

அதே ஒலிம்பிக்கின்போது உங்கள் குழுவில் நீங்கள் என்னவெல்லாம் பகிர்ந்தீர்கள் என்று நான் பின்னால் போய்ப் பார்த்தேன். இலங்கையில் பிறந்து சுவீடனில் வளர்ந்த மத்தில்டா கார்ல்சன் எங்கள் கொடியோடு ஷோ ஜம்பிங்குக்குப் போனபோது ஐந்து பேர் கைதட்டும் படம் போட்டிருக்கிறீர்கள். பக்கத்து நாட்டு ஃபுவாத் மிர்சா ஈவென்டிங்கில் இறுதிச் சுற்று வரை போய் 23ஆம் இடம் வந்ததற்கு ‘தெற்காசியாவின் பெருமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோசம், நானும்தான் கைதட்டினேன். இப்போது உங்கள் விண்ணப்பப் படிவத்தை எடுங்கள். ஏழாவது கேள்வி: ‘இறுதியாகப் பங்குபற்றிய போட்டியில் பெற்ற இடம் (1, 2, 3 மட்டும்)’. இந்தப் படிவத்தை நிரப்ப அந்த இரண்டு பேராலும் முடியாது.

அதனால் நான் கேட்பது பொன்னாடை இல்லை. அவளுக்கு அது வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், ஓகஸ்ட் வெயிலில் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு நிற்க முடியாதாம். ஏழாவது கேள்வியை எடுத்துவிட்டு அந்த இடத்தில், ‘இந்த வருடம் என்ன நடந்தது’ என்று நாலு வரி எழுத இடம் விடுங்கள். உங்களிடம் வரும் பிள்ளைகளில் கால் தசை பிடித்து நூறு மீற்றர் பாதியில் நின்றவர் இருப்பார், காற்றுக்குப் படகைத் திருப்பிக்கொண்டு வந்தவர் இருப்பார். அவர்கள் எழுதட்டும். நீங்கள் வாசியுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் வேண்டாம், நான் மூன்றாம் தரம் பிளேன்டீ குடிக்க வரமாட்டேன். அப்புறம் அந்தப் பென்சன் பகிடியை மட்டும் குழுவிலிருந்து அழித்துவிடுங்கள், எழுதியவரின் மகனும் அதே குழுவில் இருக்கிறான், அவனும் மரதன் ஓடுகிறவன்.

மருமகள் ஓகஸ்ட் பத்தாம் திகதி அளவில் வருகிறாள். பின்னேரங்களில் கோட்டைப் பக்கம் மான்களோடுதான் நிற்பாள், கதைக்க விருப்பமானவர்கள் அங்கே வரலாம். மிளகு திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது, செப்டெம்பரில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.

போன வருடப் பேனரைத் திருப்பித் தரவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அது எங்கள் ஆட்டுக்கொட்டிலின் கூரையில் இருக்கிறது, நல்ல தடிப்பான பேனர், மாரி முடியும்வரை தாங்கும் போலிருக்கிறது. தை பிறந்த பிறகு வந்து எடுங்கள்.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு தாய்மாமன்