சராசரி மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

புறநகர்வாசிகளின் வருமானம் பற்றிய செய்தி என்றாலே சராசரி என்று ஒரே ஒரு எண்ணைப் போட்டு முடித்துவிடுகிறீர்கள், அதுதான் உறுத்துகிறது. ஒரு தெருவில் பத்துப் பேர் என்று வையுங்கள். ஒன்பது பேருக்கு மாதம் 20 ஆயிரம், கடைசி வீட்டுக்காரருக்கு மட்டும் 8 லட்சம். சராசரி 98 ஆயிரம்! அந்தத் தொகையை வாங்குகிறவர் அந்தத் தெருவிலேயே கிடையாது. எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 20 ஆயிரம் என்பார், அந்த இடைநிலை எண்தான் உண்மைக்குக் கிட்டே இருக்கிறது.

அப்புறம், தனிநபர் வருமானம் வேறு, குடும்ப வருமானம் வேறு. ஒரே வீட்டில் முழுநேர வேலைக்குப் போகும் அம்மா, பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அரைநாள் வேலை செய்யும் அப்பா, ஓய்வூதியம் வாங்கும் தாத்தா, மூவரும் தனிநபர் வருமானக் கணக்கில் வேறு வேறு படியில் நிற்பார்கள். அதனால் கீழ்ப்படியில் இருப்பவரெல்லாம் ஏழை என்றும் சொல்லிவிட முடியாது.

வருமான ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் அளக்க இத்தாலியப் புள்ளியியலாளரான கொராடோ ஜினி 1912லேயே வழி சொல்லிவிட்டார்: அந்த எண் 0 என்றால் எல்லோருக்கும் சமம், 1 என்றால் அத்தனையும் ஒருவருக்கே. சரி, அதெல்லாம் வேண்டாம், அடுத்த முறை சராசரிக்குப் பக்கத்தில் இடைநிலையையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்