வண்டியில் எத்தனை பேர்?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம்.

லடாக்கில் இருக்கும் பாங்காங் ஏரிக்குப் போக எந்த வழி நல்லது என்று நீ அம்மாவின் போனுக்கு அனுப்பிய செய்தியை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். என்னிடமே கேட்டிருக்கலாம். போகட்டும், எல்லைச் சாலை அமைப்பின் ஹிமாங்க் பிராஜெக்டில் ரோடு போட்டவனிடம் அந்த ரோட்டைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று தோன்றியதே, அது போதும். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எத்தனை பேர் போகிறீர்கள் என்று நீ சொல்லவில்லை. அது தெரியாமல் வழி சொல்வது கஷ்டம். ஒருவர் என்றால் ஒரு யோசனை, இருவர் என்றால் வேறு யோசனை. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

லடாக்கின் தலைநகர் லே வரை விமானம் என்றால் டெல்லியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். பெரும்பாலும் காலையில்தான் விமானங்கள்; மதியத்துக்கு மேல் காற்று கிளம்பிவிடும். வானிலை கெட்டால் ரத்து, பிறகு மறுநாள்தான். ஆகவே திரும்பி வந்த மறுநாளே ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளாதே. விமானத்தில் ஒரு தொல்லை உண்டு. லே 11,500 அடி. ஒரு மணி நேரத்தில் அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டால் உடம்புக்கு ஒன்றும் புரியாது. முழுதாக இரண்டு நாள் அறையில் படுத்துக் கிட. தண்ணீர் குடி. கடைத்தெருவைச் சுற்றுகிறேன், அரண்மனை ஏறுகிறேன் என்று கிளம்பாதே. முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும், இரவில்தான் தலை பிளக்கும்.

தரை வழி என்றால் ஸ்ரீநகர் பக்கம்தான் என் விருப்பம். 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகர் வரை வந்தே பாரத் ஓடுகிறது. அங்கிருந்து லே 420 கிலோமீட்டர். ஜோஜி லா கணவாயைத் தாண்டி கார்கிலில் ஒரு இரவு தங்கினால் உயரம் மெல்ல மெல்லப் பழகும். மணாலி வழி இப்போது 430 கிலோமீட்டர் இருக்கும். 2020-இல் அடல் சுரங்கம் திறந்த பிறகு ரோதாங் ஏறும் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு அப்புறம் பாராலாச்சா, லாச்சுங் லா, டாங்லாங் லா என்று கணவாய்கள் வரிசையாக வரும். அந்த வழியில் போனால் முதல் இரவு சார்ச்சுவில் தங்காதே, ஜிஸ்பாவில் தங்கு. டெல்லியிலிருந்து லேவுக்குக் கோடையில் ஹிமாச்சல் அரசு பஸ்ஸும் ஓடுகிறது, ஆயிரம் கிலோமீட்டர். துணைக்கு ஆள் இருந்தால் அது ஒரு அனுபவம். தனியாக என்றால் வேண்டாம்.

இனி லேயிலிருந்து ஏரிக்கு. காரு, சக்தி, ஜிங்ரால், அப்புறம் சாங் லா கணவாய். 17,500 அடிக்கு மேல். மேலே டீ குடிக்கலாம், கோயிலில் கும்பிடலாம், பத்து நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும். படம் எடுக்கிறேன் என்று அரை மணி நேரம் நின்று, அப்படியே உட்கார்ந்துவிட்ட திடகாத்திரமான ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இறங்கினால் துர்புக், டாங்ட்ஸே, முக்லிப், லுக்குங், ஸ்பாங்மிக். எல்லாம் சேர்ந்து ஐந்து ஆறு மணி நேரம். காருவிலேயே பெட்ரோல் நிரப்பச் சொல்.

நேரம் முக்கியம். அங்கே மழையைப் பார்த்து யாரும் ரோடு போடுவதில்லை, வெயிலைப் பார்த்துத்தான் போடுகிறோம். இரவெல்லாம் பனி உறைந்து கிடக்கும், காலையில் ஓடையில் கணுக்கால் தண்ணீர் இருக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். மதியம் இரண்டு மணிக்கு அதே ஓடை கல்லை உருட்டிக்கொண்டு ரோட்டின் மேல் ஓடும். ஏரிக்குச் சற்று முன்னால் பாகல் நாலா என்றே ஒன்று இருக்கிறது, பைத்தியக்கார ஓடை. நாங்கள் போட்ட குழாய்ப் பாலத்தை இரண்டு கோடையில் தூக்கிப்போட்டது. ஆகவே லேயிலிருந்து விடியற்காலையில் கிளம்பு. நூப்ரா பள்ளத்தாக்கிலிருந்து ஷ்யோக் ஆற்றை ஒட்டி வரும் வழியை யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். சாங் லா ஏற வேண்டாம் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கரையில் தண்ணீர் ஏறினால் பின்னாலும் போக முடியாது. விடியற்காலையில் கிளம்பு.

வண்டி. தினமும் பஸ் கிடையாது. லே டாக்ஸி யூனியன் விலை வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஒருவர் உட்கார்ந்தாலும் ஐந்து பேர் உட்கார்ந்தாலும் அதே தொகை. இருவர் என்றால் முழு வண்டி எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் என்றால் பலரும் பங்கு வண்டி பார்ப்பார்கள். கடைத்தெருவில் டிராவல்ஸ் வாசல்களில் காகிதம் ஒட்டியிருப்பார்கள், பாங்காங் இரண்டு நாள், இன்னும் ஒரு இருக்கை என்று. முன்பின் தெரியாத நால்வரோடு போவது. உன் வயதுக்காரர்களுக்கு அது ஒன்றுமில்லை என்று தெரியும். எனக்கு இருக்கிறது.

பைக் என்றால் வெளியூரில் வாடகைக்கு எடுத்ததை லேக்கு அப்பால் விட மாட்டார்கள், லேயிலேயே எடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே என் புல்லட்டை எடுத்துக்கொண்டு ஆம்பூர் வரை போய் வந்தவள் நீ. அன்று தெருவே கூடி என்னிடம் முறையிட்டது. வெளியில் திட்டினேன், உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். ஆனால் அன்றும் சொல்லாமல்தான் போனாய். நீ முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்த காரியம் எதுவும் எனக்கு நினைவில்லை.

அம்மாவுக்கு எல்லை என்றாலே பயம். 2020 ஜூனில் கல்வானில் சீனப் படையோடு மோதி இறந்த இருபது பேரில் நம் ராமநாதபுரம் பழனியும் ஒருவர் அல்லவா, அந்தப் படத்தை அவள் மறக்கவில்லை. அந்த வருடம் இந்த ஏரிக்கரையிலும் இரண்டு படையும் எதிரெதிரே நின்றன. 2021 பிப்ரவரியில்தான் விலகின. இப்போது ஸ்பாங்மிக், மான், மெராக் என்று கரையோரம் தாராளமாகப் போகிறார்கள். ஏரி 134 கிலோமீட்டர் நீளம், மூன்றில் ஒரு பங்குதான் நம் பக்கம். மறுகோடியில் திபெத், அங்கே ரூடோக் வரை சீனர்களின் நெடுஞ்சாலை வந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஜனங்களும் இதே ஏரியைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அங்கிருந்து இங்கே வர வண்டியும் இல்லை, படகும் இல்லை.

கரையில் கூடாரத்தில் தங்குவதைப் பற்றித்தான் எனக்கு யோசனை. 14,000 அடி. பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் தூக்கத்தில் மூச்சு முட்டினாலோ, இருமல் விடாமல் வந்தாலோ, உடனே கீழே இறக்குவதுதான் வைத்தியம். அதைக் கவனித்து எழுப்பப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். கூட ஆள் இருந்தால் தங்கு. இல்லையென்றால் விடியற்காலையில் கிளம்பி, பார்த்துவிட்டு, அன்றே லே திரும்பிவிடு. களைப்பாக இருக்கும், பரவாயில்லை. லேயில் இரண்டு நாள் படுப்பதை மறக்காதே.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. உன் பழைய எண் மாப்பிள்ளை பெயரில் வாங்கிய போஸ்ட்பெய்டு. புதிய எண் என்ன வகை என்று தெரியவில்லை. அம்மாவின் போனில் பார்த்து அதை எழுதி வைத்திருக்கிறேன். கூப்பிடவில்லை.

ஊர்ச் செய்தி: அத்தை பேத்திக்கு ஆவணியில் நிச்சயம். உங்கள் இருவரையும் அழைக்கப் பத்திரிகையோடு பெங்களூர் வருவதாக அத்தை சொல்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சித்திரையில் மாப்பிள்ளை பெயருக்கு அனுப்பிய ஆவக்காய் ஊறுகாய் திரும்பி வந்துவிட்டது. அந்த முகவரியில் யாரும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். கூரியர்காரர்கள் எதையாவது எழுதுவார்கள். நான்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். காரம் அதிகம்.

என்னோடு வேலை பார்த்த டாங்ட்ஸேக்காரரை உனக்கு நினைவிருக்கும், பாதாம்பருப்பும் உலர்ந்த ஆப்ரிகாட்டும் கொடுத்து அனுப்புவாரே, அவர்தான். அவரிடம் பேசிவிட்டேன். அவர் மகன் லே யூனியனில் வண்டி ஓட்டுகிறான், நிதானமான பையன். முழு வண்டியாகவே எடுத்துக்கொள், வாடகையை நான் அனுப்பிவிடுகிறேன். எல்லைப் பகுதிக்குப் போக வாங்க வேண்டியிருந்த இன்னர் லைன் அனுமதியை இந்தியர்களுக்கு 2021-இல் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் பெயர் பதிந்து சுற்றுச்சூழல் கட்டணம் கட்டி ரசீது வைத்திருக்க வேண்டும். அதனால் யார் யார் வருகிறார்கள் என்று அவன் கேட்கிறான். மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒருவர் என்றால் ஒருவர் என்றே எழுது. வாடகை மாறாது. அந்தப் பையன் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டான், இங்கேயும் யாரும் கேட்க மாட்டோம்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. என் இரத்த அழுத்தத்தைப் பார்க்கும் டாக்டரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். லே வரை மாத்திரையோடு போகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். நான் லேயில் இருந்துகொள்கிறேன், நீ ஏரிக்குப் போய் வா. வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை. விமான டிக்கெட் விலை ஏறிக்கொண்டிருக்கிறது, ஆகையால் எதுவானாலும் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு. அம்மாவின் போனுக்கு அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
அப்பா