நன்றி சொல்ல ஓர் ஆள்

ஈரோடு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. டயாலிசிஸ் முடிந்து வருகிற நாள் முழுக்க உடம்பு துவண்டு கிடக்கிறது. மறுநாள்தான் பேனா பிடிக்க முடிகிறது.

நீ சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாய்: "சாமி மாறிட்டியாமா? ஆசுபத்திரியில யாராச்சும் மனசக் கலைச்சுட்டாங்களா?" கேட்டது நல்லதுதான். மற்றவர்களெல்லாம் கேட்காமலே முடிவு கட்டிவிட்டார்கள்.

முதலில் உடம்புச் சேதி. இரண்டு சிறுநீரகமும் கிட்டத்தட்டக் கைவிட்டாச்சு. எல்லாம் சர்க்கரை செய்த வேலை. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், சிறுநீரகத்துக்குப் பதிலாக ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினோடு கிடக்க வேண்டும். இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்று பேர். காலையில் எழுந்ததும் அதன்மேல் விரல் வைத்துப் பார்ப்பேன். ஓடுகிற தறிமேல் கை வைத்தால் அதிருமே, அப்படிக் கிர்ரென்று இருக்க வேண்டும். இருந்தால் சரி, அடுத்த வேலையைப் பார்க்கலாம். மாற்றுச் சிறுநீரகம் என் இதயத்துக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

பொட்டாசியம் ஏறக்கூடாது என்று இளநீர், வாழைப்பழம் எல்லாம் நிறுத்தியாச்சு. காயை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுத்தான் பொரியல். அரிசியும் பருப்பும் சோற்றை உப்புக் குறைத்துச் சாப்பிட்டுப் பார், என் பாடு தெரியும். ஆனால் இதெல்லாம் பெரிதில்லை. தண்ணீர்தான் கொடுமை. காப்பி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் அடக்க வேண்டும். மீறினால் கால் வீங்கும், நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் வருவார். பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டியவர். அரை டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார், உதடு அசையும், அப்புறம் சொட்டுச் சொட்டாகக் குடிப்பார். "என்னத்தைங்க சொல்றீங்க?" என்றேன். "நன்றி சொல்றனுங்க." "இந்த அரை டம்ளருக்கா?" "ஆமாங்க, இது இருக்குதில்லீங்க." அவ்வளவுதான் பேச்சு. இயேசுவைப் பற்றி அவராக ஒரு வார்த்தை எடுத்ததில்லை. மனசைக் கலைத்த ஆள் யாரென்று கேட்டால் இவரைத்தான் காட்ட வேண்டும்!

கத்திரி வெயில் நேரத்தில் ஒரு மத்தியானம், வீட்டில் அளந்து ஊற்றிய தண்ணீரை வாய்க்குக் கொண்டு போகும்போது எனக்கும் "நன்றி" என்று வந்துவிட்டது. யாருக்கு என்று தெரியவில்லை. ஊற்றிக் கொடுத்த உன் தங்கச்சிக்கா? காப்பீட்டு அட்டைக்கா? இந்த மெஷினைக் கண்டுபிடித்தவருக்கா? அவர் கதை தெரியுமா உனக்கு? வில்லம் கோல்ஃப் என்று ஒரு டச்சு டாக்டர். 1943-ல் நாஜிப் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது, இறைச்சி அடைக்கிற செலோபேன் குழாயை மர உருளையில் சுற்றி இதைச் செய்திருக்கிறார். ஆரம்பத்தில் வந்த நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரும் செத்துப்போனார்கள். 1945-ல்தான் ஒரு கிழவி பிழைத்தாள். இத்தனை பேருக்கும் நன்றி சொல்லி முடித்த பிறகும் எனக்கு மிச்சம் இருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்றுதான், பயத்தினால் அல்ல, நான் தேட ஆரம்பித்தேன்.

பெரியவரிடம் புதிய ஏற்பாட்டை இரவல் வாங்கினேன். பத்துக் குஷ்டரோகிகள் குணமாகி ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொல்கிற கதை லூக்காவில் வருகிறது. அந்த ஒன்பது பேர் மேல் எனக்கு வருத்தமில்லை. குணமானவனுக்கு வீட்டுக்கு ஓடத்தானே தோன்றும். குணமாகாதவன் எப்படித் திரும்பி வருவது என்பதுதான் என் கேள்வி. அதற்குப் பதில் யோவானில் கிடைத்தது. சிலுவையில் தொங்குகிறவர் "தாகமாயிருக்கிறேன்" என்கிறார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒருவன் அதைப் படித்தால் எப்படி இருக்கும், நீயே சொல். என் தாகத்தைத் தீர்க்கவில்லை. ஆனால் அது இன்னதென்று அவருக்குத் தெரியும். நான் நன்றி சொல்ல வேண்டிய ஆள் இவர்தான் என்று அன்றைக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான்.

இடையில் ஒருவர் வீட்டுக்கு வந்து, விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்து, கர்த்தர் சுகம் தருவார் என்றார். நிறுத்தினால் ஓரிரு வாரத்தில் என் கதை முடியும். அப்போஸ்தலர் பவுல் தன் உடம்பில் முள்ளாய்க் குத்திய உபாதையை எடுக்கச் சொல்லி ஆண்டவரிடம் மூன்று தடவை கேட்டும் எடுக்கப்படவில்லையே ஐயா என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். இந்த மாதிரி ஆட்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரப் நினைவு ஆலயத்துக்குப் போகிறேன். படிக்கிற காலத்தில் சைக்கிளில் அதைத் தாண்டித்தானே கடைவீதிக்குப் போவோம், ஒரு நாளாவது உள்ளே எட்டிப் பார்த்திருப்போமா? கடைசி பெஞ்சில் உட்காருவேன், எழுந்து நிற்க முடியாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஞானஸ்நானம் இன்னும் எடுக்கவில்லை, ஆயரும் அவசரப்படுத்தவில்லை. உன் தங்கச்சி எப்போதும்போல பங்குனியில் பெரிய மாரியம்மன் கோயிலில் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். வீட்டில் சண்டை ஒன்றுமில்லை. மகனுக்குத்தான் கொஞ்சம் முகம் சரியில்லை, போகப் போகப் பார்க்கலாம்.

பெரியவர் மாசியில் போய்விட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், அவர் வீட்டம்மா நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம், உனக்கும் பதினைந்து வருடச் சர்க்கரை. கால் எரிச்சல் என்று எழுதியிருக்கிறாய், சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் இருக்கிறதா பார்த்தாயா என்று எழுதவில்லை. ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு ஏறுவதற்கு முன்னாலேயே சிறுநீரகக் கோளாறு அதில் தெரிந்துவிடும். பிரஷரையும் பார்த்து, ரிசல்ட்டை எனக்குப் போனில் சொல். செவ்வாய், வியாழன், சனி எனக்கு மெஷின். திங்களோ புதனோ வா, சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை பேசலாம்.

உன்,
மாப்பிள்ளை